கேட்பார் இருக்கும் நிலமே நாடு

மேற்கு வங்கத்தின் கூச்பெஹார் மாவட்டத்தில் தின்ஹாட்டா என்றோர் ஊர். 2015க்கு முன்பு அந்தப் பகுதி மருத்துவமனைகளுக்குப் பிரசவ வலியோடு வந்த பெண்களில் சிலர், சீட்டு எழுதும் இடத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொன்னார்கள். பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். கணவர் பெயர் என்ன என்று கேட்டால், வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்த வேறோர் ஆணின் பெயரைச் சொல்வார்கள். அவர் பக்கத்து ஊர்க்காரர்; இந்திய வாக்காளர் அட்டை உள்ளவர். சில சமயம் உதவியாகவும், சில சமயம் காசு வாங்கிக்கொண்டும் தன் பெயரைக் கொடுத்தவர். பிறக்கும் குழந்தையின் சான்றிதழில் தகப்பன் என்று அவர் பெயரே ஏறும். பெற்ற தகப்பனின் பெயர் எங்கும் ஏறாது.

அந்தப் பெண்கள் குற்றம் எதுவும் செய்தவர்கள் அல்ல. அவர்கள் வாழ்ந்த ஊர், நான்கு பக்கமும் இந்தியா சூழ்ந்த வங்கதேச நிலம். உண்மையான முகவரியைச் சொன்னால் வெளிநாட்டவர். கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர். வைத்தியம் கிடைக்க வேண்டிய நேரத்தில் வழக்கு வரும். அதனால் கைப்பிடித்தவன் பெயரையும் பிறந்த ஊரின் பெயரையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அரசு என்றால் என்ன, அரசாங்கம் எதற்காக என்ற கேள்விக்குத் தடித்தடியான புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கென்னவோ அந்தச் சீட்டு எழுதும் இடத்தில் கிடைக்கும் பதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

துண்டு நிலங்கள் பிறந்த கதை

வங்காளத்தில் இந்த நிலங்களைச் சிட்மகால் என்பார்கள். சிட் என்றால் துண்டு. மகால் என்றால் வரி வசூலிக்கும் வட்டம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச்பெஹார் மன்னருக்கும் முகலாயர்களுக்கும் நடந்த சண்டை உடன்படிக்கையில் முடிந்தபோது, எதிராளியின் எல்லைக்குள் இருந்த சில நிலங்கள் அவரவர் ஆட்கள் வசமே நின்றுவிட்டன. ராஜாக்கள் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பணயம் வைத்தார்கள் என்று மக்கள் சொல்லும் கதைக்கு ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் இதனால் யாருக்கும் பெரிய தொல்லையும் இல்லை. யாருக்கு வரி கட்டுவது என்பதோடு விஷயம் முடிந்தது. சந்தைக்குப் போகிறவனை யாரும் மறிக்கவில்லை.

1947இல், கூச்பெஹாரை ஒட்டி முன்பு முகலாயர் பக்கம் இருந்த ரங்பூர் மாவட்டம் கிழக்குப் பாகிஸ்தானோடு போனது. 1949இல் கூச்பெஹார் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜாவின் துண்டு நிலங்கள் ஒரே நாளில் அயல்நாட்டுக்குள் சிக்கிய இந்திய நிலங்களாயின. ரங்பூரின் துண்டு நிலங்கள் இந்தியாவுக்குள் சிக்கிய பாகிஸ்தான் நிலங்களாயின. 1971க்குப் பின் அவை வங்கதேச நிலங்கள். பின்னாளில் கைமாறிய கணக்குப்படி இந்தியாவுக்குள் இருந்தவை 51, வங்கதேசத்துக்குள் இருந்தவை 111. அங்கே ஓர் இந்தியத் துண்டுக்குள் ஒரு வங்கதேசத் துண்டு. அதற்குள் மறுபடியும் ஓர் இந்தியத் துண்டு என்றுகூட ஓர் இடம் இருந்தது. தஹாலா காக்ராபாரி என்ற அந்த நிலம் ஒன்றே முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. அதில் சணல் விளைந்தது.

1952இல் இரு நாடுகளுக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. அங்கேதான் கழுத்தில் கயிறு இறுகியது. ஊரை விட்டு வெளியே கால் வைக்கக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு வாங்க வேண்டுமானால் ஊரை விட்டு வெளியே போய், அயல்நாட்டைக் கடந்து, சொந்த நாட்டு அலுவலகத்தை அடைய வேண்டும். சட்டப்படி நடக்க நினைத்த ஒருவருக்கு உப்பு வாங்கப் போகக்கூட வழி இல்லை.

பொருத்தம் பார்த்தால் குறையே இல்லை

1933 டிசம்பரில் உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் அமெரிக்கக் கண்ட நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாடு நாடாவதற்கு நான்கு தகுதிகளை அது வகுத்தது. நிலையாக வாழும் மக்கள் வேண்டும், வரையறுத்த நிலப்பரப்பு வேண்டும், அரசாங்கம் வேண்டும், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் தகுதி வேண்டும். இன்றும் சட்டக் கல்லூரிகளில் இந்த நான்கையும் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறார்கள்.

சிட்மகால்களை இந்த நான்கோடும் பொருத்திப் பாருங்கள். மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழுது வாழ்ந்தார்கள். நிலத்துக்கு வரைபடம் உண்டு. டெல்லியிலும் டாக்காவிலும் அரசாங்கங்கள் இருந்தன. இரண்டும் உலகம் ஏற்றுக்கொண்டவை. ஏட்டில் எல்லாப் பொருத்தமும் அமைந்த அந்த நிலத்தில் காவல் நிலையம் இல்லை; பள்ளிக்கூடம் இல்லை; மருத்துவமனை இல்லை; வாக்குச்சாவடி இல்லை. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு மின்சாரம் வந்த பிறகும் இவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இரவைக் கழித்தார்கள். ஆக, அந்த நான்கு தகுதிகளும் ஒரு நாட்டைப் பிற நாடுகள் அடையாளம் காண உதவும். அந்த நாட்டுக்குள் இருப்பவன் தன் அரசை அடையாளம் காண அவை போதா.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கேட்பாரற்ற. ‘ஏன் என்று கேட்க நாதியில்லை’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் வழக்கு. ஒருவன் அடிபட்டால் அவனுக்காக அடித்தவனிடம் போய் ஏன் என்று கேட்க ஓர் ஆள். அவன் குறையைச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கவும் அதே ஆள். அந்த இரண்டு கேட்டலும் சேர்ந்ததுதான் அரசு. அவை இல்லாத நிலத்துக்கு எந்தக் கொடியின் வண்ணம் பூசினாலும் அது கேட்பாரற்ற நிலம்தான்.

வெள்ளைத்தாளில் எழுதிய பத்திரம்

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் கணவனை இரவல் வாங்கியதுபோல, பள்ளியில் தகப்பனை இரவல் வாங்கினார்கள். பையன் படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது சான்றிதழில் இருக்கும் தகப்பன் வேறு, வீட்டில் இருக்கும் தகப்பன் வேறு. சொத்தில் பங்கு கேட்கும்போது எதை நீட்டுவான்?

நிலத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா கட்டிய கிஸ்தி ரசீதுகள் இன்னமும் இருக்கின்றன. ஓரம் பொடிந்து, மை மங்கிப்போன துண்டுச் சீட்டுகள். வரப்புத் தகராறு ஒன்றில் அந்தச் சீட்டுகளை நீட்டித்தான் அப்பா எங்கள் நிலத்தை மீட்டார். எதிர்த்தரப்பு எங்களைவிடப் பெரிய குடும்பம், ஆள்பலமும் அதிகம். ஆனாலும் சீட்டில் இருந்த முத்திரைக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டியிருந்தது. சிறுவயதில் எனக்கு அது வெறும் காகிதம். சிட்மகால் கதையைப் படித்த பிறகுதான், அந்த முத்திரைக்குப் பின்னால் நின்றது யார் என்று விளங்கியது.

சிட்மகாலில் நிலம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் பத்திரப்பதிவு அலுவலகம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வலுத்தவன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் போய்ச் சொல்ல இடமில்லை. வெளியிலிருந்து கும்பலாக வந்து மாட்டை ஓட்டிப் போனாலும், பயிரை அறுத்துப் போனாலும், பெண்ணிடம் முறைதவறி நடந்தாலும் புகார் எழுதிக்கொள்ள ஆளில்லை. சுற்றியுள்ள நாட்டின் போலீஸுக்கு உள்ளே நுழைய அதிகாரம் இல்லை. சொந்த நாட்டின் போலீஸுக்கு வந்து சேர வழி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு தப்பியோடி வந்த குற்றவாளிகள் அங்கே பதுங்கினார்கள். சில இடங்களில் கஞ்சா பயிரானது.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் 1919இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்குத் தனியுரிமை கொண்டாடும் அமைப்பே அரசு என்றார். லத்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிட்மகால் அந்தக் கருத்துக்கு மறுபக்கச் சாட்சி. அரசின் லத்தி இல்லாத இடத்தில் லத்தியே இல்லாமல் போகவில்லை. எடுத்தவன் கையிலெல்லாம் அது இருந்தது.

ஊர் தானே கட்டிக்கொண்ட அரசு

1651இல் ‘லெவியாதன்’ எழுதிய தாமஸ் ஹாப்ஸ், அரசு இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவர்மீதும் பாய்வார்கள் என்று அஞ்சினார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்தவரின் அச்சம் அது. சிட்மகால்களில் அச்சம் இருந்தது; ஆனால் கதை அதோடு முடியவில்லை. தாசியார் சரா போன்ற பெரிய துண்டுகளில் மக்கள் தாங்களே குழுக்கள் அமைத்தார்கள். தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நில விற்பனையை ஏட்டில் எழுதி வைத்தார்கள். சண்டை வந்தால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசாங்கமே இல்லாத மக்கள் தங்கள் கையால் ஓர் அரசாங்கத்தைச் செய்யத் தொடங்கியபோது கொடியையோ படையையோ தேடவில்லை. ஒரு பதிவேட்டையும் ஒரு பஞ்சாயத்துப் பலகையையும்தான் தேடினார்கள். யாருடைய நிலம் எது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு. யார் பக்கம் நியாயம் என்று பேச ஒரு திண்ணை. அரசாங்கம் எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அதே குழுக்கள் எங்கே தோற்றன என்பதும் முக்கியம். குழுவில் செல்வாக்குள்ள குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் அதை நிறைவேற்ற வழி இல்லை. குழுவே தவறு செய்தால் மேல்முறையீட்டுக்கு இடம் இல்லை. அவர்களின் ஏடு ஊர் எல்லையோடு செத்தது. வெளியே எந்த வங்கியும் பள்ளியும் மருத்துவமனையும் அதை மதிக்கவில்லை. ஊரின் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும், அதற்கு மேல் அரசு ஏன் வேண்டும் என்பதற்கான கோடு இங்கேதான் விழுகிறது. பலசாலியையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு வேண்டும். அந்தத் தீர்ப்பையும் கேள்வி கேட்க மேலே ஓரிடம் வேண்டும். இவை ஒரு கிராமம் தனியாகச் செய்துகொள்ள முடியாதவை.

மண்ணுக்காக ஓடிய 41 ஆண்டுகள்

தீர்வு தெரியாமல் இல்லை. நிலங்களை மாற்றிக்கொள்வது என்று 1958இலேயே நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் ஒப்புக்கொண்டார்கள். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960இல், அதே உடன்பாட்டில் இருந்த பெருபாரி பகுதி பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேச நாடாளுமன்றம் அதே ஆண்டில் ஒப்புதல் தந்தது. இந்தியா ஒப்புதல் தர 2015 ஆனது. 41 ஆண்டுகள்!

தாமதத்துக்கு முக்கியமான காரணம் ஏக்கர் கணக்கு. இந்தியா கொடுக்க வேண்டியது 17,160 ஏக்கர். பெற வேண்டியது 7,110 ஏக்கர். தாய்மண்ணில் பத்தாயிரம் ஏக்கரை இழப்பதா என்ற குரல் எழும்பியது. அந்தக் குரலின் உணர்ச்சியை நான் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் ஏக்கரில் ஒரு தபால்பெட்டியைக்கூட நம்மால் வைக்க முடிந்ததில்லை. 2011 ஜூலையில் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து தலையெண்ணியபோது 162 துண்டுகளிலும் இருந்தவர்கள் 51,549 பேர். அத்தனை பேரின் ஆயுளைவிட வரைபடத்தின் நிறம் பெரிதாக இருந்தது என்பதுதான் அந்த 41 ஆண்டுகளின் பொருள்.

2015 மே மாதம் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்க்காமல் மசோதா நிறைவேறி, அரசியல் சட்டத்தின் 100ஆவது திருத்தமானது. ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. பிரிவினைக்குப் பின் கழிந்த ஆண்டுகளின் கணக்கில் 68 மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். இந்தியாவுக்குள் இருந்த துண்டுகளின் மக்கள் இந்தியர்களானார்கள். வங்கதேசத்துக்குள் இருந்தவர்களில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இந்தியாவுக்கு வரச் சம்மதித்தார்கள். மற்றவர்கள் தாங்கள் உழுத மண்ணிலேயே இருந்துகொண்டு அந்த நாட்டின் குடிமக்களானார்கள். கேட்பார் கிடைத்தால் போதும், கொடி எதுவானாலும் சரி என்று அவர்கள் முடிவெடுத்ததில் தேசபக்திக் குறைவு எதுவும் இல்லை.

அரசு இருந்தும் பெயர் இல்லாதவர்கள்

சிட்மகாலில் நாட்டின் பெயர் இருந்தது, அரசாங்கம் வரவில்லை. இதன் மறுபக்கத்தைத் தமிழர்கள் அனுபவித்திருக்கிறோம். இலங்கையின் மலையகத்தில் அரசாங்கம் முழுதாக இருந்தது. ரயில் ஓடியது, காவல் நிலையம் இருந்தது, தேயிலைக்கு ஏற்றுமதி வரி வந்து குவிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம், அந்தத் தேயிலையைப் பறித்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டபின் போட்ட கணக்கல்ல அது. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் இலங்கையில் 2003இல்தான் வந்தது.

கைகளை எண்ணி வேலை வாங்கும் அரசு, தலைகளை எண்ணிப் பெயர் எழுதவில்லையென்றால் அது பாதி அரசுதான். கூச்பெஹாரில் வேளாண் குடிகள், மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத் தொழிலாளர்கள்; இருவரும் இழந்தது ஒன்றையே. நான் இன்னார், எனக்கு நீ பதில் சொல் என்று நிமிர்ந்து கேட்கும் உரிமையை இழந்திருந்தார்கள்.

விளக்கு வந்த பிறகு

சிட்மகால்கள் கைமாறிய பின் அங்கே மின்கம்பங்கள் வந்தன, சாலைகள் வந்தன. 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்தப் பகுதி மக்கள் முதல்முறை வாக்களித்தார்கள். நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தன் வாழ்நாளின் முதல் வாக்கைச் செலுத்தினார். அதே சமயம், வங்கதேசத்திலிருந்து நம்மை நம்பி வந்தவர்கள் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களின் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அரசு ஒரே இரவில் வந்து இறங்குவதில்லை. தாள் தாளாக, கம்பம் கம்பமாகத்தான் வருகிறது. அதில் ஒவ்வொரு தாளுக்கும் யாரோ ஒருவர் பலமுறை நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த நடை இன்று நம் நாட்டில் குறையவில்லை, கூடுகிறது. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேரின் பெயர்கள் இல்லை. வெள்ளம் வந்தால் வீட்டையே அடித்துச் செல்லும் பிரம்மபுத்திரா கரையில், தாத்தாவின் காகிதத்தைக் கொண்டுவா என்று ஏழையிடம் கேட்டது அரசு. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் சொல்கிறது. நல்லது. அப்படியானால் செங்கல் சூளையில் பிறக்கும் குழந்தையையும் மலைக்கிராமத்தில் பிறக்கும் குழந்தையையும் தேடிப்போய்ப் பெயர் எழுதுவது அரசின் கடமை. எழுதத் தவறிய பிழைக்கு அந்தக் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது. பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்காகக் கூலியை விட்டுவிட்டு ஆறுமுறை அலையும் கிழவிக்கு, ஏழாவது முறை அலுவலர் அவள் வீட்டுக்கு வர வேண்டும். ஒருவரின் பெயரை நீக்குவதானால் நிரூபிக்கும் பாரம் நீக்குகிறவர் தலையில் இருக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. வரி வாங்கவும் ஆணையிடவும் அரசுக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் கடமையிலிருந்துதான் பிறக்கிறது.

வள்ளுவர் ஓர் அரசனுக்கு உரியவை என்று ஆறு உறுப்புகளைச் சொன்னார். படையும் கோட்டையும் அதில் உண்டு. அதோடு நிற்காமல், குறை சொல்ல வருபவர்கள் எளிதில் பார்க்கக்கூடியவனாக அவன் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைக்காரி அல்ல, சோழநாட்டிலிருந்து வந்தவள். பாண்டியனின் வாயில்காப்போன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நீ யார் என்று அரசன் கேட்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள். தன் கணவன் பெயரைச் சொல்கிறாள். தன் பெயரைச் சொல்கிறாள். எதையும் மறைக்கவோ இரவல் வாங்கவோ அவளுக்குத் தேவை இருக்கவில்லை. அவனும் அவள் வழக்கைக் கேட்டான். தவறு தன்னுடையது என்று தெரிந்ததும் அதற்குத் தன் உயிரால் பதில் சொன்னான்.

தின்ஹாட்டாவில் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காதது அதுதான். இன்று அதே ஊர்ப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் சீட்டில் தன் கணவன் பெயரையே எழுதச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் அவனும் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்கலாம். ஓர் அரசு தன் குடிக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை அங்கே தொடங்குகிறது.